முதுகில்லாத ஜாக்கெட்

நமுனுகுல
1998 பெப்ரவரி 9

வாஹித் நானாவுக்கு,

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் உங்கள் ஸ்டூடியோ பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துக் கடைத் தையற்காரர் ஹுமைத்திடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் உங்கள் புத்தளம் விலாசத்தை வாங்கினேன். அவரைக் கோபிக்காதீர்கள். விலாசம் தரும்வரை அவர் கடைப் படியை விட்டு நான் எழும்பவில்லை.

என் பெயர் றோசாலி. நமுனுகுல பக்கத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் தம்பி றொமேஷைத் தெரியும். போன மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தபோது உங்கள் கறுப்பு லெதர் ஜாக்கெட்டைப் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, உங்கள் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்தான். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவியே கடை பூட்டும் நேரமாக்கிவிட்டான் என்று நீங்கள் கேலி செய்தீர்களாம். வீட்டுக்கு வந்து அதையும் பெருமையாகத்தான் சொன்னான்.

அந்தப் போட்டோவால் இப்போது அவன் உயிர் ஊசலாடுகிறது.

கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவன். தை மாதம் பஸ்ஸில் போகும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டை சரியாக இருந்தது. பர்ஸைத் திறந்ததும் அந்தப் படம். பயங்கரவாதி என்று சொல்லி அங்கிருந்து நேரே முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துப்பாக்கி யாருடையது, ஜாக்கெட் எங்கே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களாம். கொழும்பு வெயிலில் ஜாக்கெட் போடுகிறவன் அதற்குள் எதையோ மறைக்கிறவன் என்பது அவர்கள் கணக்கு. இங்கே மார்கழிக் குளிரில் நாங்கள் கிடைப்பதையெல்லாம் சுற்றிக்கொள்கிறோம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதுளையில் ஸ்டூடியோவில் எடுத்த படம் என்று சொல்லியிருக்கிறான். விசாரிக்க ஆட்கள் வந்தபோது உங்கள் கடை பூட்டியிருந்தது. பெயர்ப் பலகையையும் கழற்றிவிட்டீர்கள். அதனால் ஸ்டூடியோ என்பதே பொய் என்கிறார்கள்.

சட்டத்தரணி ஒருவர் எங்களுக்காகப் பேச வந்திருக்கிறார். ஜாக்கெட்டையும் துப்பாக்கியையும் நீதவான் முன்னால் வைத்து, இது என் கடைச் சாமான், ஊர்ப் பையன்கள் எல்லோரும் இதைப் போட்டுத்தான் படம் எடுத்தார்கள் என்று நீங்கள் சொன்னால் அவனை வெளியே எடுக்கலாம் என்கிறார். வாருங்கள் நானா. வர முடியாவிட்டால் ஜாக்கெட்டையாவது அனுப்புங்கள்.

றோசாலி


புத்தளம்
1998 பெப்ரவரி 21

தங்கச்சி றோசாலிக்கு,

இனிமேல் உறையில் என் பெயரை எழுத வேண்டாம். ஜெஸீமா என்று என் மனைவியின் பெயரைப் போடுங்கள். இந்த ஊர்த் தபால்காரர் பெயரைச் சத்தமாக வாசித்துக்கொண்டே தெருவில் வருகிறவர்.

உங்கள் தம்பியை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சில முகங்களில் வெளிச்சம் தானாக வந்து உட்காரும், அந்த மாதிரி முகம். ஆனால் தங்கச்சி, என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

ஸ்டூடியோவை விசாரித்து ஆட்கள் வருகிறார்கள் என்று ஹுமைத் ஓடிவந்து சொன்னதும் துப்பாக்கியைப் பதுளை ஓயா ஆற்றில் வீசினேன். வெசாக் காலத்தில் தெருக்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் அது. நான்தான் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அசல் மாதிரியே வந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. நெகட்டிவ்கள் எல்லாவற்றையும் கடைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன். ஜாக்கெட், சாமான் கட்டிய அவசரத்தில் எங்கோ தவறிவிட்டது.

என்னைக் கோழை என்று நினைப்பீர்கள். நினையுங்கள். ஊர்ப் பையன்கள் கையில் துப்பாக்கி கொடுத்துப் படம் எடுத்தவன் என்று என்னைப் பிடித்தால் யார் வந்து கேட்பார்கள்? மகள் லரீபாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் காதில் இது விழுந்தால் அதோடு சரி.

ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அந்த ஜாக்கெட்டோடு படம் எடுக்காத பையனே இல்லை. வீடு வீடாகப் போய் அந்தப் படங்களைச் சேருங்கள். எல்லாவற்றிலும் அதே ஜாக்கெட், அதே துப்பாக்கி, பின்னால் அதே நீலத் திரை. அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

வாஹித்


நமுனுகுல
1998 மார்ச் 8

வாஹித் நானாவுக்கு,

உறையில் உங்கள் மனைவி பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே உங்கள் பெயரைத்தான் எழுதுவேன்.

நீங்கள் சொன்னபடி லயம் லயமாக, ஒவ்வொரு வரிசை வீடாகப் போனேன். ஒரு காலத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் உங்கள் ஜாக்கெட்தான். பெண் கொடுக்க வருகிறவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள். இப்போது ஒரு வீட்டிலும் இல்லை. றொமேஷ் பிடிபட்ட செய்தி வந்ததும் எல்லாம் அடுப்புக்குள் போய்விட்டது. எங்கள் லயத்து நல்லம்மா வீட்டில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் புகை படியாமல் சதுரமாக வெள்ளையாக இருக்கிறது. அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "எம் மவன் போட்டோவே புடிச்சதில்ல புள்ள. அவனுக்கு அந்தப் பழக்கமே கெடையாது" என்கிறாள். அவள் மகனும் கொழும்பில்தான் வேலை செய்கிறான். அவளை நான் என்னவென்று ஏசுவது? ஆனாலும் ஏசிவிட்டுத்தான் வந்தேன்.

றொமேஷை இப்போது பதுளை முகாமுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். போன கிழமை அவனைப் பார்க்க விட்டார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. தலைகூடச் சீவியிருந்தான். நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தான். "என்னடா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டேன். சிரிக்கப் பார்த்தான்.

"ஜாக்கெட்டு எங்க, எங்கன்னு கேக்குறாங்கக்கா. சார், அதுக்கு முதுகே இல்ல, முன்பக்கம் மட்டுந்தான், பின்னால நாடாதான் கட்டுவாங்கன்னு சொன்னேன். எங்களயே பகிடி பண்றியான்னு..." என்றான். பக்கத்தில் காவலுக்கு ஆள் நின்றார்.

முதுகில்லாத ஜாக்கெட் உலகத்தில் உண்டா நானா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள்.

அவனுக்கு ஏன் அந்த ஆசை வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் அப்பா மத்தேயு மழைக்கும் வெயிலுக்கும் கம்பளி போர்த்துகிறவர். தோட்டத்தில் எல்லாக் கிழவர்களும் அப்படித்தான். ஒருமுறை அப்பாவும் தம்பியும் பதுளையிலிருந்து பஸ்ஸில் வரும்போது முன் சீட்டில் உட்காரப் போன அப்பாவை, "ஏய் தோட்டம், பின்னால போ. கம்பளி நாறுது" என்று கண்டக்டர் எழுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து தம்பி அப்பாவோடுதான் சண்டை போட்டான். "அந்தக் கம்பளிய கழட்டி வீசுங்கப்பா. மனுசன் மாதிரி உடுத்தினாத்தான் மனுசனா மதிப்பாங்க" என்றான். அப்பா கம்பளியைக் கழற்றவில்லை. தம்பியோடு கொஞ்ச நாள் பேசவும் இல்லை.

கொழும்புக் கடையில் யாராவது ஊர் எது என்று கேட்டால் பர்ஸிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் காட்டுவானாம்.

றோசாலி


புத்தளம்
1998 மார்ச் 19

தங்கச்சி றோசாலிக்கு,

உங்கள் தம்பிக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அந்த ஜாக்கெட்டுக்கு முதுகு இல்லை.

பதுளைத் தியேட்டரில் ஒரு சினிமாப் படம் சக்கைபோடு போட்ட காலம். கறுப்பு லெதர் ஜாக்கெட்டோடு ஹீரோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினால் விசில் சத்தத்தில் கூரை பறக்கும். படம் விட்டு வருகிற பையன்கள் தோளை ஒரு மாதிரித் தூக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு ஸ்டூடியோவுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கிற ஆசை வந்தது. லெதருக்கு எங்கே போவது? பஸ் சீட்டுக்கு உறை போடும் கடையில் மிஞ்சிய கறுப்பு ரெக்சின் கிடைத்தது. ஹுமைத்துக்கு மாதிரி காட்டத் தியேட்டர் போஸ்டரை வாங்கி வந்தேன். போஸ்டரில் முன்பக்கம் மட்டும்தானே இருக்கும்? "பின்னால எப்படி?" என்று கேட்டார். ரெக்சினும் போதவில்லை. முன்பக்கத்தையும் கைகளையும் தைத்து, முதுகில் நாலு வெள்ளை நாடா வையுங்கள் என்றேன். பிறகு பார்த்தால் அதுதான் வசதி. ஒல்லியானவனுக்கு இறுக்கிக் கட்டலாம், தடியனுக்குத் தளர்த்தலாம். மலைநாட்டில் எத்தனை ஹீரோக்களை நான் இந்த நாடாவால் கட்டியிருக்கிறேன்!

உங்கள் தம்பிக்குக் கட்டும்போது, "முடிச்சு தெரியுமா நானா?" என்று கேட்டான். "கேமராவுக்கு முன்னால நிக்கிறவனுக்கு முதுகு எதுக்கு தம்பி? படத்துல ஹீரோ கடைசில நடந்து போகக்குள்ளதான் முதுக காட்டுவான். நீ போக வேணாம், நில்லு" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது.

ஜாக்கெட் தவறவில்லை. இங்கே என் பெட்டிக்குள் இருக்கிறது. கொளுத்த மனம் வரவில்லை. நானே யோசித்துச் செய்த சாமான் என்று என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. ஜெஸீமா நித்தம் சண்டை. "இந்த ஷைத்தான ஊட்டுல வெக்க ஏலா. எரிச்சுப் போடுங்க" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

எப்படிக் கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை. புத்தளத்திலிருந்து பதுளை வரை எத்தனை சாவடி? இதைக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதைக்கூடத் தாண்ட மாட்டேன். தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள், அதில் உங்கள் விலாசம் இருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து லரீபாவின் நிக்காஹ். அது முடியட்டும் தங்கச்சி. அதுவரை என்னை விடுங்கள்.

வாஹித்


நமுனுகுல
1998 ஏப்ரல் 2

வாஹித் நானாவுக்கு,

உங்கள் மகள் நன்றாக வாழட்டும். மனதாரத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பெட்டிக்குள் வைத்திருக்கும் அந்த நாடாவில்தான் என் தம்பியின் உயிர் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அவனிடம் அதைத்தான் கேட்கிறார்கள். அவன் ஒவ்வொரு நாளும் உண்மையைத்தான் சொல்கிறான். உண்மைக்குத்தான் அடி விழுகிறது.

மே பன்னிரண்டாம் தேதி அவனைப் பதுளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் பெருநாளும் முடிந்துவிடும், கல்யாணமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சொல்ல உங்களிடம் என்ன காரணம் இருக்கும் என்று யோசித்து வையுங்கள்.

றோசாலி


புத்தளம்
1998 ஏப்ரல் 27

தங்கச்சி றோசாலிக்கு,

காரணம் ஒன்றும் மிச்சம் இல்லை. நான் வருகிறேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தை ஜெஸீமா வாசித்துவிட்டாள். உறையில் அவள் பெயர்தானே. லரீபாவை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து, வீடு வெறிச்சென்று கிடந்தபோது என் பெட்டியைத் திறந்தாள். எரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். ஜாக்கெட்டைப் பாயில் விரித்து, கைகளை உள்ளே மடித்து, ஒரு பழைய தலையணையைப் பிரித்து எடுத்த பஞ்சை மேலே பரப்பிச் சுருட்டினாள். அதற்கு மேல் பூப்போட்ட சீத்தைத் துணியில் உறை தைத்தாள். "மூலக்காரன் பஸ்ஸுல தலகாணில குந்திட்டுப் போறத எவன் சந்தேகப்படப் போறான்? வாயத் தொறக்காம குந்திட்டுப் போங்க" என்றாள். எனக்கு அந்த வியாதி இல்லை தங்கச்சி. ஆனால் பதுளை போய்ச் சேரும்வரை இருக்கும்.

நாடாக்களை வெட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். வெட்டவில்லை, நாலும் அப்படியே உள்ளே இருக்கின்றன.

பதினோராம் தேதி வந்து ஹுமைத் வீட்டில் தங்குகிறேன். நீதவான் முன்னால் தலையணையைப் பிரித்துக் காட்டுகிறேன். அவர்கள் என்னையும் பிடித்து உள்ளே போடலாம். போட்டால் போடட்டும். தம்பியைப் பார்க்கப் போனால், வாஹித் நானா ஜாக்கெட்டோடு வருகிறார் என்று சொல்லுங்கள்.

வாஹித்


நமுனுகுல
1998 மே 6

வாஹித் நானாவுக்கு,

தலையணையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம். றொமேஷ் செத்துப்போனான்.

ஏப்ரல் முப்பதாம் தேதி பொலிஸ்காரர் வந்து சொன்னார். காய்ச்சலாம். தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உங்கள் கடிதம் இரண்டு நாள் கழித்து வந்தது. நீங்கள் சொல்லச் சொன்னதை அவனிடம் சொல்ல முடியவில்லை.

உடலைப் பதுளையில், பிரேதங்களை உடுத்திப் பெட்டியில் வைக்கும் ஒரு மலர்ச்சாலையில் கொடுத்தார்கள். உடுப்புப் போடும்போது நானும் உள்ளே இருப்பேன் என்று அடம் பிடித்தேன். அவன் கடையிலிருந்து ஈஸ்டருக்கென்று முன்னமே வாங்கி அனுப்பியிருந்த வெள்ளைச் சட்டையைக் கொடுத்தேன். மலர்ச்சாலைக்காரர் ஒரு கறுப்புக் கோட்டை எடுத்தார். கத்தரிக்கோலால் சட்டையையும் கோட்டையும் கழுத்திலிருந்து கீழ்வரை முதுகுப்பக்கம் கிழித்தார். நான் கத்திவிட்டேன். "வெறச்ச ஒடம்புக்கு வேற மாதிரி போட ஏலாது தங்கச்சி. எல்லாருக்கும் இப்படித்தான். முன்பக்கம் தெரிஞ்சா போதும், பின்னால கட்டிவிடுவோம்" என்றார். அவர் கையில் நாடா இருந்தது நானா. உங்களுடையதைப் போலவே வெள்ளை நாடா.

கட்டுவதற்காக அவனைப் புரட்டினார். அப்போது அவன் முதுகைப் பார்த்தேன்.

அதை எழுத மாட்டேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை, நெஞ்சில் ஒரு காயம் இல்லை. காய்ச்சல் முதுகில் மட்டும் வருமா? அன்றைக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவனைப் பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று கேலி செய்தேனே, அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துப்போடலாம் போல இருக்கிறது.

அப்பாவும் வாசலில் நின்று பார்த்துவிட்டார். அழவில்லை. உள்ளே வந்து தோளிலிருந்த கம்பளியை எடுத்தார், நாலாக மடித்தார், பெட்டிக்குள் விரித்தார். "கோட்டுக்கு முதுகு இல்லியே. புள்ளைக்குக் குளிரும்" என்றார். தம்பி வீசச் சொன்ன அதே கம்பளி. அதன் மேல்தான் அவனைப் படுக்கவைத்தோம். அப்பா மழையில் வெறும் சட்டையோடு கல்லறைக்கு நடந்தார்.

சாவு வீட்டுக்கு ஊரே வந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் நல்லம்மா என் கையைப் பிடித்து ஒன்றைத் திணித்தாள். அவள் மகனுடைய படம். அதே ஜாக்கெட், அதே துப்பாக்கி. எரிக்கவில்லை, சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறாள். "இப்பக் குடுத்தா ஏதும் ஒதவுமா புள்ள?" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் முந்தானையிலிருந்து எடுத்தார்கள். அன்றைக்கு இவற்றில் ஒன்று கிடைத்திருந்தால் என்று நினைத்தேன், சொல்லவில்லை. எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

படங்களைச் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். ஜூன் மாதம் மரண விசாரணை இருக்கிறதாம். றொமேஷைப் பயங்கரவாதி என்று எழுதி விசாரணையை மூடப் பார்க்கிறார்கள் என்கிறார். இனி வாருங்கள் என்று உங்களைக் கேட்க என்னிடம் தெம்பு இல்லை. ஜாக்கெட்டை மட்டும் எரிக்காதீர்கள். என் தம்பி பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

றோசாலி


புத்தளம்
1998 மே 15

தங்கச்சி றோசாலிக்கு,

இந்த முறை உறையின் பின்பக்கம் என் பெயரையும் விலாசத்தையும் முழுதாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஜெஸீமாதான் வாசித்துச் சொன்னாள். பாதியில் அவளால் முடியவில்லை, மீதியை நான் வாசித்தேன். உங்களுக்கு ஆறுதல் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. பெருநாள் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று நான் தவணை சொன்ன நாட்களில்தான் அந்தப் பிள்ளையின் முதுகு அப்படியானது.

விசாரணைத் தேதியைச் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதுங்கள். எழுதாவிட்டாலும் ஜூன் முதலாம் தேதியிலிருந்து ஹுமைத் வீட்டில்தான் இருப்பேன். தலையணையை மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டுவதாக எழுதியிருந்தேன். அது வேண்டாம். நீதவான் முன்னால் ஜாக்கெட்டை நானே போட்டுக்கொள்வேன். ஹுமைத் நாடா கட்டிவிடுவார், தான் தைத்தது என்று சொல்ல இப்போது அவரும் சம்மதித்துவிட்டார். முன்பக்கத்தைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்துவிட்டார்களே. நான் திரும்பி நிற்பேன். நாலு முடிச்சையும் அவர்கள் எண்ணிப் பார்க்கும்வரை அப்படியே நிற்பேன்.

அப்பாவுக்குப் புதுக் கம்பளி ஒன்று எடுத்து வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாஹித்